காலைப் படகை விட்ட நாள்

பணி அனுபவங்களை எழுதுவது ஓய்வூதியம் எடுப்பவர்களின் வேலை என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். எனக்கு இன்னும் முப்பது வயது ஆகவில்லை. ஆனாலும் மேற்படிப்புக்காக அடுத்த மாதம் இந்த வேலையை விட்டுப் போகிறேன். என் இடத்துக்கு நீங்கள் வருகிறீர்கள். "போகமுதல் ஏதாவது எழுதித் தந்திட்டுப் போங்கோ மிஸ்" என்று கேட்டதும் நீங்கள்தான். கேட்கக்கூடாத ஆளிடம் கேட்டுவிட்டீர்கள். எனக்குத் தொடங்கத்தான் தெரியும், நிறுத்தத் தெரியாது.

குழாயால் மூச்சு விடுகிற, குழாயால் சாப்பிடுகிற, அடிக்கடி வலிப்பு வருகிற பிள்ளைகளை வீட்டில் வைத்துப் பராமரிக்க மாணவத் தாதியருக்குக் கற்றுக்கொடுப்பது நம் வேலை. குழாய் மாற்றுவதையும் சளி எடுப்பதையும் பற்றி நான் ஒன்றும் எழுதப்போவதில்லை. அதெல்லாம் பொம்மையில் செய்து செய்து உங்களுக்கு அலுத்திருக்கும். பொம்மைக்கு இல்லாத ஒன்றைப் பற்றித்தான் எழுதுகிறேன். பொம்மைக்கு நெடுந்தீவில் வீடு இல்லை. ஷரோனாவுக்கு இருந்தது.

ஷரோனாவுக்கு அப்போது ஆறு வயது. பிறவியிலேயே மூச்சுவழி ஒடுங்கியிருந்ததால் கழுத்தில் துளையிட்டு ஒரு சிறு குழாய் வைத்திருந்தார்கள். மூச்சு அந்தக் குழாய் வழியாகத்தான் போய்வரும். குழாயின் வாயை விரலால் மூடினால் தொண்டையிலிருந்து கீச்சென்று ஒரு குரல் வரும். அந்தக் குரலை அவள் வீணாக்குவதில்லை. கட்டளையிட மட்டும்தான் பயன்படுத்துவாள். "ரீவியைப் போடு." "ஊசி வேண்டாம்." அவ்வளவுதான்.

வைத்தியசாலைக்குக் கிட்ட இருக்கவேண்டும் என்று தாய் ஜெயந்தி அக்கா யாழ்ப்பாணத்தில் ஓர் அறை எடுத்து மகளோடு தங்கியிருந்தார். தகப்பன் நெடுந்தீவில், கடல் தொழிலோடு. ஒரு குடும்பம் கடலுக்கு இரண்டு பக்கமும் பிரிந்து கிடந்தது. பிள்ளை ஓரளவு தேறியதும், இனி வீட்டுக்குப் போகலாமா என்று ஜெயந்தி அக்கா கேட்காத நாளில்லை. எங்கள் பெரிய டொக்டர் அதிகம் பேசாதவர். ஒருநாள் சொன்னார்: "ஒருக்காக் கொண்டுபோய்ப் பாருங்கோ. அங்கயே இருந்திட்டு அடுத்த கிளினிக் நாளுக்கு வரட்டும். அப்ப முடிவு சொல்லுறன்."

அதாவது, சரிவந்தால் ஷரோனா நெடுந்தீவுப் பிள்ளை. சரிவராவிட்டால் திரும்பவும் அந்த அறை, எத்தனை வருடம் என்று தெரியாமல்.

அந்தப் பயணத்துக்கு இரண்டு மாணவரைக் கூட்டிப்போனேன். வினோதினி வவுனியாப் பிள்ளை. அதுவரை படகில் கால் வைத்ததில்லை. கஜன் வேலணைப் பெடியன். படகிலேயே பிறந்தவன்போலக் கதைப்பான். பொறுப்பை வினோதினியிடம் கொடுத்தேன். கஜன் உதவி. நான், மாற்றுக் குழாயும் அவசரச் சாமான்களும் வைத்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிற பயணி. போகமுதலே அவர்களுக்கு ஒன்று சொல்லியிருந்தேன்: "பிள்ளையின்ர நிறம் மாறினால் நான் வருவன். மற்றதெல்லாம் உங்கட பாடு." இதை நீங்களும் சொல்லிப் பழகுங்கள். சொல்வது சுகம். அதன்படி நடப்பது எப்படி என்பதைத்தான் இனிச் சொல்லப்போகிறேன்.

சோளகம் என்கிற தென்மேல் காற்று வீசுகிற காலம். அந்தக் காலத்தில் காலைக் கடல் பரவாயில்லை, பின்னேரக் கடல் பொல்லாதது. ஆகவே காலைப் படகுக்கே குறிகட்டுவான் இறங்குதுறையில் நின்றோம். சளி உறிஞ்சும் மெஷினில் சார்ஜ் நிறைய இருந்தது. மாற்றுக் குழாய் இருந்தது. நெடுந்தீவு வைத்தியசாலைத் தாதிமாரோடும் முதலே கதைத்திருந்தோம். வினோதினி எல்லாவற்றையும் இரண்டுதரம் பார்த்துவிட்டாள். ஷரோனா புதுச் சட்டை போட்டு, துறையில் நின்ற எல்லோரையும் தன் கல்யாணத்துக்கு வந்தவர்கள்போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

படகில் வேலை செய்கிற அன்ரன் அண்ணை ஒரு செம்மஞ்சள் அங்கியைக் கொண்டுவந்து நீட்டினார். கடலில் விழுந்தால் மிதக்கவைக்கிற அங்கி.

"ஜக்கெற் போடாட்டி ஏத்தமாட்டன். சின்னனுக்கும் சட்டம், பெரியாக்களுக்கும் சட்டம்."

எங்கள் பொம்மைக்கு நாங்கள் ஒருநாளும் அங்கி போட்டுப் பார்த்ததில்லை. ஆனாலும் பயப்பட ஒன்றும் இருக்கவில்லை. வினோதினி போட்டுவிட்டாள், அளவாகத்தான் இருந்தது. கழுத்துக் குழாய் நன்றாக வெளியே தெரிந்தது. சனம் ஏறத் தொடங்கிவிட்டது. கஜன் பைகளைத் தூக்கினான். நானும் பெட்டியைத் தூக்கினேன்.

"நில்லுங்கோ" என்றாள் வினோதினி. "போட்டில நிண்டுகொண்டே போறனாங்கள்? ஷரோனாக்குட்டி, உந்தக் கல்லில ஒருக்கா இருங்கோ பாப்பம்."

ஷரோனா கல்லில் குந்தி இருந்தாள். இருந்ததும் அங்கி அடிவயிற்றில் முட்டி மேலே ஏறியது. ஏறி, நாடிவரை வந்து நின்றது. குழாய் அதற்குள் மறைந்துபோனது.

"எப்பிடி இருக்கு?"

ஷரோனாவின் விரல் கழுத்துக்குப் போனது. குழாயைத் தேடியது. செம்மஞ்சள் பஞ்சுதான் தட்டுப்பட்டது. வாய் அசைந்தது. குரல் வரவில்லை. அவள் அதை விளையாட்டென்று நினைத்துச் சிரித்தாள். வினோதினி சிரிக்கவில்லை. அங்கியைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் பிள்ளையின் உதட்டைப் பார்த்தேன். நல்ல சிவப்பு. ஆகவே நான் பயணி.

"தங்கச்சி, கடல் உங்களுக்காக நிக்காது. கெதியா ஏறுங்கோ" என்றார் அன்ரன் அண்ணை.

"நான் கையால கீழ இழுத்துப் பிடிச்சுக்கொண்டு வாறன்" என்றான் கஜன். "ஒரு மணித்தியாலம்தானே."

"அலை அடிக்கேக்க நீர் உம்மைப் பிடிப்பீரோ, ஜக்கெற்றைப் பிடிப்பீரோ?"

"அப்ப துறையில போட்டுக் காட்டிப்போட்டு உள்ளுக்க போய்க் கழட்டுவம். வேலணையில நாங்கள் எத்தினை தரம் செய்திருப்பம்!"

"நீர் நீந்துவீர். இவ நீந்துவாவோ?"

"நீந்தினாலும் ஒண்டுதான் வினோ. தண்ணிக்க விழுந்தா கழுத்தால உள்ள போயிடும். ஜக்கெற் இருந்தென்ன, இல்லாட்டியென்ன?"

"இருந்தா மிதப்பா. கழுத்தை மேல தூக்கிப் பிடிக்க எனக்கு ஒரு நிமிசம் கிடைக்கும். அந்த நிமிசத்தை நான் விடமாட்டன்."

படகுக்குள் இருந்து ஒரு ஐயா எட்டிப் பார்த்தார். "உதென்ன பிள்ளையள், துறையில பள்ளிக்கூடம் வைச்சிருக்கிறியள்? ஏறிப்போட்டுப் படியுங்கோவன்!" உள்ளே எல்லோரும் சிரித்தார்கள்.

வினோதினியின் காது சிவந்தது. ஆனால் அங்கியைப் பிடித்த கையை எடுக்கவில்லை. "அண்ணை, நீங்கள் போங்கோ. நாங்கள் இந்தப் போட்டுக்கு வரேல்லை."

ஜெயந்தி அக்கா அப்போதுதான் வெடித்தார். "என்ன தங்கச்சி கதைக்கிறீர்? இண்டைக்குப் போகாட்டி டொக்டர் ஏலாதெண்டு சொல்லிப்போடுவார். உமக்கென்ன, பயிற்சி முடிய வவுனியாவுக்குப் போயிடுவீர். நான்தான் அந்த அறைக்குள்ள கிடக்கவேணும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "மிஸ், நீங்கள் ஒரு சொல்லுச் சொல்லுங்கோ."

துறையே என்னைப் பார்த்தது. எனக்கு உள்ளே என்ன ஓடியது என்று சொல்கிறேன். காலைக் கடல் தகடுபோலக் கிடந்தது. பின்னேரம் அது எழும்பும். படகில் கால் வைத்தே அறியாத பெண், அலை இல்லாத காலைப் படகை விட்டுவிட்டு அலை அடிக்கிற பின்னேரப் படகுக்குக் காத்திருக்கிறேன் என்கிறாள். நானாக இருந்தால் கஜன் சொன்னதுபோல் கையால் பிடித்துக்கொண்டு ஏறியிருப்பேன். பெரும்பாலும் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் அவள் சொன்னதில் பிழை ஒன்றை என்னால் காட்டமுடியவில்லை. எனக்கு விருப்பமில்லாத முடிவு வேறு, பிழையான முடிவு வேறு. இரண்டையும் பிரித்துப் பார்க்க எனக்கு அந்தத் துறையில் கிடைத்தது இரண்டு மூச்சு நேரம். உங்களுக்கும் அவ்வளவுதான் கிடைக்கும்.

"இண்டைக்கு வினோதினி சொல்லுறதுதான் அக்கா" என்றேன்.

அன்ரன் அண்ணை கயிற்றை அவிழ்த்தார். நல்ல மனுசன், திட்டவில்லை. "பின்னேரம் கடல் பேயாட்டம் ஆடும். பிறகு என்னை ஏசக்கூடாது" என்றபடி இன்னும் ஒரு சின்ன அங்கியைத் துறையில் எறிந்தார். "உதையும் வைச்சுப் போட்டுப் பாருங்கோ. சின்னனுக்குக் கால் இடுக்கால போற பட்டி ஒண்டு இருந்தது. எல்லாம் அறுந்துபோச்சு."

படகு போனது. துறை வெறித்துப்போனது. ஜெயந்தி அக்கா தேநீர்க்கடை வாங்குப் பலகையில் எங்களுக்கு முதுகைக் காட்டி இருந்து கணவரோடு போனில் கதைத்தார், எங்களுக்குக் கேட்கவேண்டும் என்றே உரத்து. "நீங்கள் துறையில நிக்காம வீட்டுக்குத் திரும்பிப் போங்கோ. இஞ்ச ஒரு சின்ன டொக்டரம்மா வந்திருக்கிறா. அவ விடமாட்டாவாம்."

வினோதினிக்கு அது கேட்டது. உதட்டைக் கடித்தாள். பிறகு இரண்டு அங்கிகளையும் மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பட்டி அறுந்துபோச்செண்டால், பட்டி இருந்திருக்கு. இருந்திருந்தால் ஜக்கெற் மேல ஏறியிராது, என்ன?"

"ஓம்" என்றான் கஜன். அவன் முகம் மாறியது. "பண்டேச் சுருள் இருக்குத்தானே?"

பிறகு நடந்ததை நான் தேநீரோடு பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கியின் முன்பக்கக் கீழ் விளிம்பிலிருந்து கால் இடுக்கால் பின்பக்கம்வரை கஜன் பண்டேச்சை இழுத்துக் கட்டினான். முதல் முடிச்சு வழுகியது. "உது ஆஸ்பத்திரி முடிச்சு. வள்ளத்து முடிச்சுப் போடுறன் பாரும். உங்கட வவுனியாவில உது இல்லை."

"வவுனியாவில குளம் இருக்கு. குளம் ஆடாது, அதால முடிச்சுத் தேவையில்லை."

ஷரோனாவை இருத்தினார்கள். எழுப்பினார்கள். குனியவைத்தார்கள். இருமவைத்தார்கள். சாய்த்துப் படுக்கவைத்தார்கள். ஒவ்வொரு தரமும் வினோதினி தன் விரலை அங்கிக்கும் குழாய்க்கும் நடுவில் வைத்துப் பார்த்தாள். ஒருதரம் தொடை உராய்கிறது என்று அவிழ்த்து, துணி வைத்துத் திரும்பவும் கட்டினார்கள். கடைசியில் ஷரோனா தானாகவே வாங்கில் ஏறி இருந்து, விரலைக் குழாயில் வைத்து, முழுக் கடைக்கும் கேட்கச் சொன்னாள்:

"வடை!"

கடைக்காரர் வடையைக் கொண்டு ஓடிவந்தார். ஜெயந்தி அக்கா மட்டும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அவர் முதுகு கொஞ்சம் இளகியதுபோல எனக்குத் தெரிந்தது. நான் எதையும் நல்லதாகத்தான் பார்ப்பேன், அதுவும் காரணமாக இருக்கலாம்.

பின்னேரப் படகு வந்தபோது அன்ரன் அண்ணை பண்டேச்சை இழுத்துப் பார்த்தார். தலையாட்டினார். "வள்ளத்து முடிச்சு" என்று மட்டும் சொன்னார். கஜன் ஒரு முழம் வளர்ந்தான்.

எங்கே இருத்துவது என்பது அடுத்த கேள்வி. கீழே எஞ்சின் புகை, மேலே அலைத் தூறல். குழாயால் மூச்சு விடுகிற பிள்ளைக்கு இரண்டும் ஆகாது. வினோதினி மேல்தட்டில் நடுவாங்கைத் தெரிந்தெடுத்தாள். பிறகு அங்கே இருந்த இரண்டு பருத்த அக்காமாரிடம் போய், "அக்கா, நீங்கள் ரெண்டுபேரும் காத்துப் பக்கமா இருந்து பிள்ளைக்குக் கொஞ்சம் மறைப்பியளோ?" என்று கேட்டாள்.

"ஐயோ, அதுக்கென்ன! எங்கட உடம்பு ஒரு நாளைக்காவது உதவட்டும்" என்று ஒருவர் சொல்ல, மற்றவர் அவரை இடித்தார். இரண்டுபேரும் மதில்போல இருந்தார்கள்.

அன்ரன் அண்ணை சொன்னபடியே கடல் ஆடியது. நடுக்கடலில் வினோதினியின் முகம் வெளிறியது. பொலித்தீன் பையை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினாள். ஒருதரம், இன்னொருதரம். அதே நேரத்தில் ஷரோனாவின் குழாயில் கரகரவென்று சத்தம். சளி வந்துவிட்டது. எடுக்கவேண்டும், இப்போதே.

வினோதினி வாயைத் துடைத்து, கையைக் கழுவி, கையுறையை எடுத்தாள். எடுத்துவிட்டுத் தன் விரல்களைப் பார்த்தாள். நான் அரைவாசி எழும்பிவிட்டேன் என்பது எனக்கே பிறகுதான் தெரிந்தது.

"கஜன், நீர் எடும்" என்றாள். "என்ர கை நடுங்குது. நான் தலையைப் பிடிக்கிறன்."

கஜன் ஒரு பகிடியும் விடவில்லை. எடுத்தான். சத்தம் நின்றது. ஷரோனாவின் நெஞ்சு அமைதியாக ஏறி இறங்கியது. நான் ஒன்றும் நடக்காதவள்போல் திரும்பவும் இருந்தேன்.

காலையில் எல்லோரும் "ஏறு" என்றபோது ஏறமாட்டேன் என்று சொன்ன பெண், பின்னேரம் ஒருவரும் கேட்காமலே "என்னால் ஏலாது, நீர் செய்யும்" என்று சொன்னாள். இரண்டும் ஒரே பிள்ளையிடமிருந்து ஒரே நாளில். நான் கற்பித்ததில் எது அதற்குக் காரணம் என்று பலநாள் யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. உங்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: இந்த இரண்டு சொல்லையும் சொல்கிற மாணவரைக் கண்டால் அந்த நேரத்தில் குறுக்கே போகாதீர்கள்.

நெடுந்தீவுத் துறையில் தகப்பன் நின்றார். வீட்டுக்குப் போகச் சொன்ன ஆள், போகாமல் காலையிலிருந்து அங்கேயே நின்றிருக்கிறார். மகளை அங்கியோடு தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். வினோதினி துறைக் கல்லில் தலையைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். ஜெயந்தி அக்கா போத்தல் தண்ணீரை அவள் முன்னால் வைத்து, "முகத்தைக் கழுவும்" என்றார். பிறகு கணவருக்குப் பின்னால் நடந்துவிட்டார். கோபம் ஆறவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டு திரும்பினோம்.

கிளினிக் நாள் வந்தது. டொக்டர் முடிவு சொல்லவேண்டிய நாள். காலையில் என் போன் அடித்தது.

"மிஸ், ஜெயந்தி. நாங்கள் இண்டைக்கு வரேல்லை."

"பிள்ளைக்கு என்ன அக்கா?"

"பிள்ளை நல்லா இருக்கிறா. சாப்பிட்டு, தேப்பனோட சண்டையும் பிடிச்சுப்போட்டா. ராத்திரி கரண்ட் நிண்டிட்டுது மிஸ். மெஷினில அரைவாசிச் சார்ஜ்தான் ஏறியிருக்கு. கடலும் முறுகுது. போட் துறையிலதான் நிக்குது, அன்ரன் அண்ணை ஏறச்சொல்லி நிக்கிறார், என்ர மனுசன், டொக்டர் ஏசுவாரெண்டு துள்ளுறார். எல்லாரும் கத்துகினம். கத்தட்டும். அரைவாசிச் சார்ஜோட நான் ஏறமாட்டன்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "உந்த வவுனியாப் பிள்ளை அங்க நிக்கிறாவோ? அவவிட்டச் சொல்லுங்கோ, நான் போட்டை விட்டனானெண்டு."

வினோதினி அன்று வேறு வார்டில் இருந்தாள். நான் போனோடு டொக்டரின் அறைக்கு ஓடினேன். ஓடக்கூடாது என்று மாணவருக்குச் சொல்கிற அதே நடைவழியால். மூச்சிரைக்க விசயத்தைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுக் கையை நீட்டினார். போனைக் கொடுத்தேன்.

"அம்மா, பிள்ளைக்குக் காய்ச்சல் இருக்கோ? சளி நிறம் மாறியிருக்கோ? ... இல்லை. நல்லது. இண்டைக்கு வெளிக்கிடாதேங்கோ." பிறகு சொன்னார்: "நான் பயந்ததெல்லாம் சரியில்லாத நாளிலயும் ஏறி வந்திடுவியளோ எண்டுதான். இனிப் பிள்ளை அங்கயே இருக்கட்டும். கடல் சரியானபிறகு கூட்டிக்கொண்டு வந்து காட்டுங்கோ."

போன் என் கைக்குத் திரும்பி வந்தபோது அந்தப் பக்கத்தில் காற்றின் இரைச்சல் மட்டும் கேட்டது. லைன் அறுந்துவிட்டது என்று நினைத்தேன்.

"அக்கா?"

"நிக்கிறன் மிஸ்." மூக்கை உறிஞ்சினார். "அப்ப உந்த அறையை விடலாம், என்ன? சாமான்களெல்லாம் அங்க கிடக்கு. நான் நாளைக்கே வந்து எடுக்கட்டோ?"

நான் பதில் சொல்ல வாயெடுக்கமுதலே அவரே சொன்னார்:

"இல்லை, இல்லை. காத்து அடங்கட்டும்."